முடி நடும் கிளினிக்கில் ஒரு மொட்டைத் தலை

முடி நடும் தொழிலில் முடிக்கு முன்னால் முளைக்க வேண்டியது பொறுமை. அதை மட்டும் எங்கள் டாக்டரம்மாவாலும் யார் தலையிலும் நட முடியாது.

முகம் கழுவும்போது எங்கே நிறுத்துவது என்று தெரியாமல் உச்சி வரை கழுவிக்கொண்டே போகும் என் இனத்தவரே, உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். வேலூரில் லாங் பஜாருக்கு இரண்டு தெரு தள்ளி, மாடியில் இருக்கும் ஒரு முடி கிளினிக்கில் எனக்கு நைட் டூட்டி. சாயங்காலம் ஆறிலிருந்து காலை ஆறு வரை. வேலை இரண்டு. ஃபேக்டரி ஷிஃப்ட் முடிந்து போன் செய்கிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். அன்று முடி நட்டுக்கொண்டு அங்கேயே தங்குகிற வெளியூர்க்காரர்கள் தலையைத் தலையணையில் தேய்த்துவிடாமல் காவல் காக்க வேண்டும்.

நான் படித்தது ஒன்பதாவது. முடியைப் பற்றித் தெரிந்ததெல்லாம், தூக்கம் வராத ராத்திரிகளில் டாக்டரம்மாவின் பழைய புத்தகங்களை டிக்ஷனரியும் கையுமாகப் படித்துத் தெரிந்துகொண்டது. மனைவி போய் ஏழு வருஷம். வீட்டில் பேச ஆள் இல்லை. அந்த மேஜையில் போன் அடித்தால்தான் அன்றைக்கு நான் யாரிடமாவது பேசினேன் என்று அர்த்தம். இதை இப்போதே சொல்லி வைக்கிறேன். ஏனென்றால் இனி வரப்போகிற சிரிப்புக்கு நடுவே, அந்த மேஜைக்குப் பின்னால் இருக்கும் என் நாற்காலி ஆடிக்கொண்டே இருக்கும்.

முன் அனுபவம்

"இந்த ஃபீல்டுல முன் அனுபவம் உண்டா?" என்று டாக்டரம்மா இன்டர்வியூவில் கேட்டார். "பத்தொன்பது வருஷம் மேடம்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். பேரணாம்பட்டில் தோல் பதனிடும் ஒரு டேனரி, சுண்ணாம்பு செக்ஷன். ஆட்டுத்தோலைச் சுண்ணாம்புத் தொட்டியில் ஊறப்போட்டு, வேர் இளகியதும் ஒரு முடி மிச்சமில்லாமல் வழித்து எடுப்பேன். தோலுக்குள் முடி எவ்வளவு ஆழத்தில் உட்கார்ந்திருக்கும், எந்தப் பக்கம் சாயும், ஒரே குழியில் இரண்டும் மூன்றுமாக எப்படிக் குடித்தனம் பண்ணும், எல்லாம் என் விரலுக்குத் தெரியும். செக்ஷனை மூடிவிட்டார்கள், அதனால் வந்தேன் என்றேன்.

டாக்டரம்மா என் கையைப் பார்த்தார். பிறகு தலையைப் பார்த்தார். அங்கேயும் பத்தொன்பது வருஷ வேலை நடந்திருப்பது மாதிரிதான் இருக்கும். சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்: "சரி தாஸ், இங்க அதே வேலையை ரிவர்ஸ்ல பண்றோம். ஆனா பேஷன்ட்டுங்க முன்னாடி 'வழிக்கிறது'ங்கற வார்த்தையை மட்டும் வாயில இருந்து எடுத்துடுங்க."

மேனேஜர் வைத்த கெடு

மேனேஜர் பிரபுவுக்கு இருபத்தெட்டு வயசு. அவர் தலையில் சீப்பு போனால் பல் உடைந்துதான் திரும்பும். சென்ற வருஷம் ஒரு சாயங்காலம், ஒருவர் படியேறி வந்தார், கவுன்டரில் என் தலையைப் பார்த்தார், "மாடி மாறிட்டேன் போல" என்று முணுமுணுத்தபடியே இறங்கிப் போய்விட்டார். அதைப் பிரபு பார்த்துவிட்டார்.

மறுநாள் என்னை உட்கார வைத்துப் பேசினார். அடுத்த ரம்ஜான் முடிந்ததும் ஆம்பூரில் கிளை திறக்கிறோம், போன் மேஜையும் அங்கேதான் போகிறது. நட்ட முடி முழுசாகத் தெரிய ஒரு வருஷம் ஆகும். ஸ்டாஃபுக்கு இலவசம். யாராவது கேன்சல் செய்கிற நாளில் நீங்கள் படுத்துக்கொள்ளுங்கள். முடி இருந்தால் நாற்காலி, இல்லாவிட்டால் பின்பக்கம் ஜெனரேட்டர் ரூம். ஜெனரேட்டரிடம் நான் இன்னா பேசுவேன்? அதுவும் கரண்ட் போனால்தான் வாயைத் திறக்கும். என் முகம் விழுந்ததைப் பார்த்து பிரபு என் கையைப் பிடித்துக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதீங்கண்ணா. பல்லு இல்லாத ஆளை டூத்பேஸ்ட் விக்க உட்கார வெச்ச மாதிரி இருக்குது."

மச்சான் தலை

பேரணாம்பட்டிலிருந்து ஒரு பஸ் டிரைவர் போன் செய்தார். முடி எங்கிருந்து எடுப்பீர்கள் என்று கேட்டார். சொன்னேன்: பின்னந்தலையிலும் காதோரத்திலும் இருக்கிற முடிக்கு உதிரும் புத்தி கிடையாது. அதை வேரோடு எடுத்து முன்னால் நட்டாலும் அந்தப் புத்தி அதோடு கூடவே வரும். இந்தத் தொழிலின் மொத்த ரகசியமும் இவ்வளவுதான். புதுசாக ஒரு முடியையும் நாங்கள் உண்டாக்குவதில்லை. ஜாஸ்தி இருக்கிற இடத்திலிருந்து கம்மியான இடத்துக்குக் குடி மாற்றுகிறோம்.

"எனக்குப் பின்னாடியும் கம்மிதான் சார். என் பொண்டாட்டியோட தம்பிக்குப் புதர் மாதிரி இருக்குது. அவனைக் கூட்டிக்கிட்டு வரட்டுமா?" என்றார். மற்றவர் முடியை நம் உடம்பு ஏற்றுக்கொள்ளாது, வெளியே தள்ளிவிடும் என்றேன். பெருமூச்சோடு சொன்னார்: "அந்த வூட்ல இருந்து எது வந்தாலும் நமக்கு ஒட்டாதுன்னு எங்கம்மா அப்பவே சொல்லிச்சு சார்."

கட்டிங்கா, பஞ்சிங்கா?

இம்தியாஸ் பாய் ஆம்பூரில் ஒரு ஷூ ஃபேக்டரியில் குவாலிட்டி சூப்பர்வைசர். ஷூவில் எங்கே குறை கண்டாலும் அங்கே ஒரு சின்னச் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவது அவர் வேலை. சட்டைப் பையில் பேனா இல்லாமல் வருவார், அம்பு இல்லாமல் வர மாட்டார். அவருக்கு முறைகளை விளக்குவது எனக்கு ரொம்ப சுலபமாக இருந்தது. பழைய முறையில் பின்னந்தலையிலிருந்து தோலை ஒரு பட்டையாக வெட்டி எடுத்து, தைத்துவிட்டு, அந்தப் பட்டையை மைக்ராஸ்கோப்பில் வைத்துத் துண்டு துண்டாகப் பிரிப்பார்கள். ஒரே நேரத்தில் நிறைய கிடைக்கும். ஆனால் பின்னால் கோடு மாதிரித் தழும்பு நிற்கும். புது முறையில் ஒரு மில்லிமீட்டருக்கும் சின்ன வாயுள்ள குழாயால் ஒவ்வொரு குழியாகச் சுற்றி வெட்டி, வேரோடு எடுப்பார்கள். நேரம் பிடிக்கும், ஆனால் கோடு இல்லை, புள்ளி புள்ளியாக ஆறிவிடும். "அப்போ அது கட்டிங், இது பஞ்சிங்" என்றார் பாய். புத்தகத்தில் நாலு பக்கம் படித்து நான் புரிந்துகொண்டதை அவர் இரண்டு வார்த்தையில் முடித்துவிட்டார்.

ஆபரேஷன் அன்று காலை, டூட்டி முடிந்தும் நான் வீட்டுக்குப் போகாமல் நிற்க, டாக்டரம்மா அவர் நெற்றியில் பேனாவால் புது முடிக்கோடு வரைந்து கண்ணாடியைக் கொடுத்தார். பாய் கண்ணாடியைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தார், கிட்ட வைத்துப் பார்த்தார், பையிலிருந்து ஒரு சிவப்பு அம்பை எடுத்துத் தன் நெற்றியிலேயே இடது பக்கம் ஒட்டிக்கொண்டார். டாக்டரம்மா ஸ்கேல் வைத்து அளந்தார். இடது பக்கம் நிஜமாகவே ஒரு நூல் இறங்கித்தான் இருந்தது. அழித்து வரைந்தார். பாய் கவிழ்ந்து படுத்துக்கொண்டே சமாதானம் சொன்னார்: "ஷூவுல லெஃப்டும் ரைட்டும் தனித்தனி டப்பாவுல போனாலும் தப்பிச்சுக்கலாம் மேடம். இது ரெண்டும் ஒரே மூஞ்சில இருக்கப் போவுது."

தெளிக்கிற வேலை

அன்று பாய் எங்கள் ரூமில் தங்கினார். முதல் ராத்திரி படுக்க முடியாது. பாதி உட்கார்ந்த வாக்கில், கழுத்துக்குத் தலையணை கொடுத்துச் சாய்ந்திருக்க வேண்டும். நட்ட இடத்தைத் தொடக் கூடாது, உரசக் கூடாது, குனியக் கூடாது. பத்து நாளில் வேர் பிடித்துக்கொள்ளும். அதுவரை அது பச்சைப் பிள்ளை. மணிக்கு ஒரு தடவை நான் போய் உப்புத் தண்ணீரைப் புகை மாதிரித் தெளிப்பேன். டேனரியில் தோலில் இருக்கிற உப்பைக் கழுவுவது முதல் வேலை. இங்கே உப்புத் தண்ணீர் தெளிப்பது முதல் வேலை. ரிவர்ஸ் என்று டாக்டரம்மா சொன்னது சரிதான்.

பாய்க்குத் தூக்கம் வரவில்லை. எனக்கு அது எந்தக் காலத்திலும் வந்ததில்லை. இரண்டு பேரும் பேசித் தீர்த்தோம். ஆம்பூர் பிரியாணி, பாலாறு, ரிஜெக்ட் ஆன ஷூக்கள், மேனேஜர் எனக்கு வைத்த கெடு, எல்லாம் வந்து போனது. ஆறாவது தடவை தெளிக்கும்போது பாய் கண்ணை மூடிக்கொண்டே கேட்டார்: "எல்லார் தலைக்கும் நீங்க தெளிக்கிறீங்க. உங்க தலைக்கு யாருண்ணே?"

ரிட்டர்ன் வந்த சரக்கு

நாலாவது வாரம் பாய் மறுபடி வந்தார். ஒரு பிளாஸ்டிக் கவர். உள்ளே குட்டி குட்டி முடிகள். கவர் மேல் தேதி, எந்தப் பக்கத்துச் சரக்கு, கையெழுத்து எல்லாம் இருந்தது. கூடவே ஒரு சிவப்பு அம்பு. நட்ட முடி முதலில் உதிரும் என்று டாக்டரம்மா அன்றைக்கே சொல்லி, பாயிடம் கையெழுத்தும் வாங்கியிருந்தார். பாய் ஃபேக்டரிப் பழக்கத்தில் தினம் நூறு தாளில் போடுகிற கையெழுத்தில் அதையும் ஒன்றாகப் போட்டுவிட்டிருக்கிறார்.

லைட்டைப் போட்டு ஒரு முடியை எடுத்துக் காட்டினேன். அடி நுனியில் வெள்ளையாகப் புள்ளி. "இது வேர் இல்லையாண்ணே?" என்றார். இல்லை பாய், அது முடியின் அடிக்கட்டை. முடியை விளைவிக்கிற பை உங்கள் தோலுக்குள் பத்திரமாக இருக்கிறது, பயணக் களைப்பில் தூங்குகிறது, மூணு நாலு மாசத்தில் எழுந்து வேலையைத் தொடங்கும், வருஷம் ஆகும்போது நிறைவாகத் தெரியும் என்றேன். வேரோடு வந்த முடியைப் பத்தொன்பது வருஷம் பார்த்தவன் சொல்கிறேன் என்று சேர்த்துக்கொண்டேன். பாய் கவரிலிருந்து அம்பைப் பிய்த்துத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். "உங்க பேச்சை நம்பி இதை ரிஜெக்ட்ல இருந்து பெண்டிங்குக்கு மாத்துறேன். நாலு மாசம். ஒரு நாள் தாண்டினாலும் தலையோட வந்து நிப்பேன்."

பச்சடி வாசம்

வாணியம்பாடிப் பக்கம் பீடி சுற்றும் ஒரு அக்கா போன் செய்தார். புருஷன் ஆறு மாசமாய் தினமும் தலையில் வெங்காயச் சாறு தேய்க்கிறாராம். முடி வருமா என்று கேட்டார். எண்ணெயும் சாறும் இருக்கிற முடிக்குப் பளபளப்பு கொடுக்கலாம், போன இடத்தில் அது வேலை செய்யும் என்று நம்பி உட்காரக் கூடாது என்றேன். தடவுகிற மருந்து உண்டு, டாக்டர் பார்த்துச் சொன்னால் அது உதிர்வதைக் குறைக்கும், சிலருக்கு முளைக்கவும் செய்யும். நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். சொந்த ரத்தத்தை எடுத்துச் சுழற்றி, அதில் சத்தான பங்கை மட்டும் தலையில் ஊசியாகப் போடுவது இன்னொன்று. மெலிந்த முடிக்கு அது தெம்பு, வழுக்கைக்கு அது பதில் ஆகாது.

எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "முடி வருதோ இல்லியோ, அந்த ஆளு பக்கத்துல வந்தா தயிர்ப் பச்சடி ஞாபகம் வருது சார். பிரியாணி எங்கன்னு கண்ணு தேடுது."

ஹெல்மெட்

சத்துவாச்சாரியிலிருந்து ஒரு பள்ளிக்கூட வாத்தியார், தலையில் ஒட்டு முடியோடு வந்தார். ஒட்டு முடிக்கு ஆபரேஷன் இல்லை, காத்திருக்க வேண்டாம், காலையில் போனால் மத்தியானம் கதாநாயகன். ஆனால் சில வாரத்துக்கு ஒரு தடவை கழற்றி, சுத்தம் செய்து, மறுபடி ஒட்ட வேண்டும். வேலூர் வெயிலில் பசை இளகும். அவருக்கு இளகியது பள்ளிக்கூட வாசலில். பிரேயருக்கு மொத்தப் பள்ளிக்கூடமும் வரிசையில் நிற்க, வாத்தியார் பைக்கை நிறுத்தி ஹெல்மெட்டைக் கழற்றியிருக்கிறார். முடி ஹெல்மெட்டுக்குள்ளேயே தங்கிவிட்டது.

எனக்கு வருத்தமாக இருந்தது. ஆனால் அவர் முகத்தில் வேறு ஒன்று இருந்தது. "கை தட்டினாங்க சார். இருபது வருஷம் கணக்குப் பாடம் எடுக்கறேன், ஒருத்தன் தட்டினதில்ல."

பின்னாடி ஸ்டாக் இல்லை

எனக்கு முறை வந்தது. ஒரு பேஷன்ட் கேன்சல் செய்ய, டாக்டரம்மா என்னைத் தலை குனிய உட்கார வைத்து, பின்னந்தலையை லென்ஸ் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். டாக்டரின் மூச்சு பிடரியில் படுகிற நேரத்தைப் போல நீளமான நேரம் வேறு கிடையாது. எனக்கே விஷயம் தெரியும். பழைய தோல்காரன் விரல், தினமும் குளிக்கும்போது சொல்லிக்கொண்டுதான் இருந்தது. பின்பக்கமும் மெலிசு. எடுத்தால் பின்னால் பொத்தல் விழும், முன்னால் நிரம்பாது. தாடி முடியை எடுத்து நடுகிற வழக்கமும் உண்டு, என் தாடியோ நாலு திசைக்கு நாலு.

செய்ய மாட்டேன் என்று டாக்டரம்மா முடிவாகச் சொன்னார். பிரபு விடவில்லை. திறப்பு விழாவுக்கு நல்ல விக் ஒன்று வாங்கித் தருகிறேன், தினமும் வைத்துக்கொண்டு உட்காருங்கள், நாற்காலி உங்களுக்குத்தான் என்றார். எனக்கு வாத்தியாரின் ஹெல்மெட் கண்முன் வந்தது, ஜெனரேட்டர் ரூமும் வந்தது. சரி என்றேன். டாக்டரம்மா லென்ஸைத் துடைத்துக்கொண்டே என்னைப் பார்க்காமல் சொன்னார்: "முடி வேணும்னு கேக்கறவங்கள்லயே பாதிப் பேருக்கு வேணாம்னு சொல்லி அனுப்பறேன். கேக்காத ஆளுக்கு இவ்ளோ கஷ்டமா?"

ஆம்பூரில் திறப்பு விழா

ரம்ஜான் முடிந்து ஆம்பூர் கிளை திறந்தது. காலையிலேயே பிரபு தன் கையால் என் தலையில் விக்கை ஒட்டி, வகிடு எடுத்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டார். கண்ணாடியில் யாரோ என்னைப் போலவே சோகமாக இருக்கிற ஒரு இளைஞன் தெரிந்தான். உள்ளே வேர்த்துக் கொட்டியது. வந்தவர்கள் என்னைத் தாண்டிப் போய் பிரபுவிடம் கேட்டார்கள்: எனக்கே முடி இல்லை என்று போனில் சொல்வாரே தாஸண்ணன், அவர் வரவில்லையா? பிரபு என்னைக் காட்டினார். அவர்கள் என் வகிட்டைப் பார்த்தார்கள். "ஓ" என்றார்கள். எதையும் கேட்காமல் நகர்ந்தார்கள். பேச்சுக்காக நான் காப்பாற்றிய நாற்காலியில், பேச்சு மட்டும் வரவில்லை.

அப்போது இம்தியாஸ் பாய் வந்தார். ஆபரேஷன் முடிந்து பத்து மாசம் ஆகியிருந்தது. நெற்றிக்கு மேல் அடர்த்தியாக, படிய வாரி, பார்க்கவே ஜோராக இருந்தது. கூடவே ஃபேக்டரி தோஸ்த்துகள் நாலு பேர். என்னைப் பார்த்ததும் அவர் சிரிப்பு நின்றது. கவுன்டரைச் சுற்றி உள்ளே வந்தார். என் தாடையைப் பிடித்து முகத்தை டியூப்லைட் பக்கம் திருப்பினார். இடமும் வலமும் சாய்த்துப் பார்த்தார். பையில் கை விட்டார். விக்கும் நெற்றியும் சேருகிற இடத்தில் ஒரு சிவப்பு அம்பு. காதோரத்தில் ஒன்று. வகிட்டில் ஒன்று. கூட்டம் மொத்தமும் எட்டி எட்டிப் பார்த்தது. ரிப்பன் வெட்டுகிற கத்திரிக்கோலோடு டாக்டரம்மா வந்து நின்றார்.

"பாய், இன்னா பண்றீங்க?" என்றார் பிரபு.

"இதை யாரு பாஸ் பண்ணது?"

முதலில் சிரித்தது நான்தான். அடக்க முடியவில்லை, தோள் குலுங்கியது, அம்புகளும் குலுங்கின. டாக்டரம்மா கத்திரிக்கோலை மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தார். பிறகு ஆம்பூரே சிரித்தது. நானே விக்கைக் கழற்றி மேஜையில் வைத்தேன். ஏசி காற்று உச்சியில் பட்டது பாருங்கள், என் இனத்தவரே, அந்தச் சுகத்தை எந்த எண்ணெயும் கொடுக்காது. ஒரு அம்மா பிள்ளையைத் தள்ளிக்கொண்டு கவுன்டருக்கு வந்தார்: "அண்ணே, நீங்கதானா? இவனுக்கு நெஜமாவே வேணுமா, வேணாமா? நீங்க சொல்லுங்க." அவருக்குப் பின்னால் இன்னொருவர். அவருக்குப் பின்னால் ஒரு வரிசை. பிரபு அந்த வரிசையைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார், மேஜை மேலிருந்த விக்கை எடுத்து டிராயருக்குள் போட்டு மூடினார். பாய் அவர் தோளில் கை போட்டுக்கொண்டு சொன்னார்: "எங்க ஃபேக்டரில ஒரு ஷூவை மட்டும் சீல் போட்டு வெச்சிருப்போம் தம்பி. அதை விக்க மாட்டோம், மாத்த மாட்டோம். மத்ததெல்லாம் சரியா இருக்குதான்னு அதை வெச்சுத்தான் பார்ப்போம். இவரு அந்த பீஸு."

பத்தொன்பது வருஷம் தோலிலிருந்து முடியை எடுத்தேன், அப்புறம் நட்ட முடிக்கெல்லாம் தண்ணீர் தெளித்தேன், கடைசியில் என் நாற்காலியைக் காப்பாற்றியது என் தலையில் ஒன்றுமே முளைக்காத அந்த இடம்தான்.